மறுவாழ்வு சிகிச்சையும் மார்க்கப் பேணுதலும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்ட பின் இமாம் சில நிமிடங்கள் பேசுவது நமது ஜமாஅத்தின் வழக்கம். பெரும்பாலும் ஜகாத்தைப் பற்றியோ, பிள்ளைகளின் மக்தப் கல்வியைப் பற்றியோ பேசியிருக்கிறேன். இவ்வாண்டு வேறொரு பொருளைப் பேச அனுமதி கேட்டுப் பெற்றேன். நோயாளிகளை விசாரிக்கச் சென்ற வீடுகளில் நான் கண்ட காட்சிகளே அதற்குக் காரணம். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்கள், முழங்கால் மூட்டு மாற்றிக் கொண்டவர்கள், சர்க்கரை நோயால் காலை இழந்தவர்கள், விபத்தில் முதுகெலும்பு அடிபட்டவர்கள் என்று நமது மஹல்லாவில் இத்தகையோர் இல்லாத தெருவே இல்லை.

மருத்துவமனை உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பி விடுகிறது. அதன் பிறகுதான் நீண்ட வேலை தொடங்குகிறது. மடங்கிய கையை நீட்டப் பழக வேண்டும். எழுந்து நிற்கப் பழக வேண்டும். கழிவறைக்குச் சென்று வரப் பழக வேண்டும். இதனை மறுவாழ்வு சிகிச்சை என்கிறார்கள். அதில் பெரும்பங்கு இயன்முறை மருத்துவம் எனப்படும் பிசியோதெரபி. ஒருவர் மற்றவரின் உடலைத் தொட்டு, பிடித்து, தூக்கிச் செய்ய வேண்டிய சிகிச்சை இது. எனவே நோயாளியின் நாணம், வணக்கம், உணவு, பழக்கம் அனைத்தும் இதில் குறுக்கே வரும். அவற்றைச் சிகிச்சையாளர் அறியாவிட்டாலும், நோயாளி சொல்லாவிட்டாலும் சிகிச்சை பாதியில் நின்று போகும். அப்படி நின்று போனதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை அது நிற்பதற்கு நானே காரணமாகவும் இருந்திருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் நான் ஓதிய காலத்தில், எங்கள் பகுதியைச் சேர்ந்த ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்து, பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மறுவாழ்வு நிலையத்தில் சேர்க்கப்பட்டார். வெள்ளிக்கிழமைகளில் அவரைப் பார்க்கச் செல்வேன். அந்த நிலையத்தின் வரலாற்றை அங்கேதான் அறிந்தேன். மேரி வர்கீஸ் என்ற கிறிஸ்தவப் பெண் மருத்துவர் 1954-ஆம் ஆண்டு வாகன விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறையை வேலூரில் நிலைநிறுத்தினார். 1966-இல் அந்த நிலையம் திறக்கப்பட்டது.

நமது கொத்தனாருக்குப் பயிற்சி அளித்த அம்மையார், வீட்டுக்குப் போனதும் நீங்களாகவே செய்ய விரும்புவது என்ன என்று அவரிடம் கேட்டார். "நீங்க சொல்றதைச் செய்யறேம்மா" என்று சொல்லி விட்டார் அவர். ஆனால் என்னிடம் தனியே வேறொன்று கேட்டார்: "சிறுநீர்க் குழாய் மாட்டியிருக்கிறது. இனி எனக்குத் தொழுகை உண்டா, இல்லையா?" அதைக் கேட்கும்போது அவர் அழுதார். மாணவனாகிய எனக்கு விடை தெரியவில்லை. என் உஸ்தாதிடம் சென்று கேட்டேன். தங்கடம் உடையவருக்கு மார்க்கம் இடமளிக்கிறது, தொழுகையின் நேரம் வந்ததும் ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக ஒளுச் செய்து கொண்டு, இயன்ற நிலையில் தொழ வேண்டும் என்று உஸ்தாத் விளக்கினார்கள்.

அதை அந்தப் பயிற்சியாளரிடமும் சொன்னேன். அவர் வியப்போடு, இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றார். மறுநாள் முதல் பயிற்சியை மாற்றி விட்டார். சக்கர நாற்காலியிலிருந்து குழாயடிக் கட்டைக்கு மாறி அமர்தல், விழாமல் குனிந்து முகம் கைகளைக் கழுவுதல், காலைக் கையால் தூக்கி வைத்துக் கழுவுதல் என்று ஒளுவையே பயிற்சியாக்கினார். அதுவரை சோம்பிக் கிடந்த அந்த மனிதர், சுப்ஹுக்கு முன்பே எழுந்து பழகத் தொடங்கினார். அந்தப் பெண் நமது மார்க்கத்தவர் அல்லர். கேட்டார், அறிந்து கொண்டார், அதற்கேற்பச் செய்தார்.

இதைக் கண்ணால் கண்டிருந்தும் நான் பிழை செய்தேன். இதற்கு முன் வேறோர் ஊரில் இமாமாக இருந்தபோது நடந்தது. ஐம்பத்தைந்து வயதுத் தாயார் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும், கைக்கும் தோளுக்கும் பயிற்சி தர ஓர் ஆண் சிகிச்சையாளர் வருவதாக ஏற்பாடாகியிருந்தது. அவர் மகன் மஃக்ரிபுக்குப் பின் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், அந்நிய ஆண் எங்க அம்மாவோட கையைப் பிடிச்சுப் பயிற்சி கொடுக்கலாமா?" என்று கேட்டார். "பெண் இருக்கும்போது ஆண் கூடாது, பெண் சிகிச்சையாளரைப் பாருங்கள்" என்று சொல்லி விட்டு அடுத்த வேலையைப் பார்க்கச் சென்று விட்டேன்.

நான் சொன்ன சட்டத்தில் பிழை இல்லை. ஆனால் அது பாதிப் பதில். அந்த ஊரில் பெண் சிகிச்சையாளர் இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. இல்லையென்றால் என்ன செய்வது என்றும் சொல்லவில்லை. அக்காலத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒருவரும் இல்லை. அந்தக் குடும்பம் என் சொல்லை மதித்து, ஆண் சிகிச்சையாளரை நிறுத்தி விட்டுக் காத்திருந்தது. நான்கு மாதங்கள் கழித்து நான் விசாரிக்கச் சென்றபோது அந்தத் தாயின் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தன. தோளை அசைத்தால் வலியில் துடித்தார். பக்கவாதத்திற்குப் பின் முதல் மூன்று மாதங்களில்தான் உடல் மிக விரைவாக மீளும் என்பதையும், அசைக்காத மூட்டு இறுகிப் போகும் என்பதையும் பிறகு ஒரு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். அந்தத் தாய் என்னைக் குறை கூறவில்லை. "மார்க்கத்தைத்தானே சொன்னீங்க ஹஜ்ரத்" என்றார். அந்தச் சொல்லை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்லடி பட்டுக் காயம் ஏற்பட்டது. அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்து கொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் கூறி விட்டார்கள். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று கடுமையாகக் கண்டித்து, தெரியாததைக் கேட்டறிந்திருக்கக் கூடாதா, அறியாமை என்ற நோய்க்குக் கேள்வியே மருந்து என்ற கருத்தில் கூறினார்கள். பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேறில்லை.

அன்று நான் முழுமையாகச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்கள் முன் சொல்கிறேன். பெண்ணுக்குப் பெண் சிகிச்சையாளர் கிடைத்தால் அவரே முதன்மை. கிடைக்கவில்லை என்றால், அல்லது காத்திருப்பதால் உறுப்புக்குக் கேடு வரும் என்றால், ஆண் சிகிச்சை அளிக்கலாம். மஹ்ரமான ஒருவரோ, வீட்டுப் பெண்களோ உடனிருக்க வேண்டும். சிகிச்சைக்குத் தேவையான இடத்தை மட்டும், தேவையான அளவு மட்டும் திறக்க வேண்டும். ஆண் நோயாளிக்குப் பெண் சிகிச்சை அளிப்பதற்கும் இதே அளவுகோல்தான். இவ்வாறு செய்வது பேணுதலுக்குக் குறைவன்று.

நபித்தோழியர் வரலாற்றைப் பாருங்கள். ருஃபைதா (ரலி) என்ற அன்சாரிப் பெண்மணி காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்து வந்தார்கள். அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவீயில் இருந்த அவர்களது கூடாரத்தில்தான் வைக்கப்பட்டார்கள். ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள், போர்க்களத்தில் வீரர்களுக்குத் தண்ணீர் புகட்டியதையும் காயமுற்றோருக்கு மருத்துவம் செய்ததையும் தாமே அறிவித்திருப்பது புகாரியில் உள்ளது.

அன்பர்களே! நோயாளிகளாகிய நாம் மட்டும் கற்க வேண்டும் என்பதில்லை. மருத்துவ உலகமும் கற்றுத்தான் வந்திருக்கிறது. ஜெய்ப்பூர் கால் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1960-களின் பிற்பகுதி வரை நம் நாட்டில் கொடுக்கப்பட்ட செயற்கைப் பாதம் மேலை நாட்டு வாழ்க்கைக்காகச் செய்யப்பட்டது. அதற்கு மேல் ஷூ அணிய வேண்டும். நாற்காலியில் அமர்ந்து பழகியவர்களுக்கு அது பொருந்தும். நம் மக்களோ வெறுங்காலோடு நடப்பவர்கள், சம்மணமிட்டு உண்பவர்கள், குந்தி அமர்பவர்கள், சேற்று வயலில் இறங்குபவர்கள், பள்ளிவாசலானாலும் கோயிலானாலும் காலணியைக் கழற்றி வைத்து விட்டு நுழைபவர்கள். அந்தக் காலோடு இவற்றில் எதையும் செய்ய முடியவில்லை. எனவே பலர் அதை மூலையில் போட்டு விட்டுப் பழையபடி ஊன்றுகோலுக்கே திரும்பினார்கள்.

ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் பி.கே.சேத்தி அவர்கள் இதைக் கவனித்தார். நோயாளிகள் மீது குற்றம் சொல்லவில்லை. கால் மீதுதான் குற்றம் என்று கண்டார். ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர் அவரோடு சேர்ந்தார். இருவருமாக ரப்பரால், நமது பாதத்தின் வடிவிலேயே, எப்பக்கமும் வளைந்து கொடுக்கும் ஒரு பாதத்தை உருவாக்கினார்கள். ஷூ தேவையில்லை, தண்ணீரில் நனையலாம், குந்தலாம். அதை அணிந்து வயல் வேலை செய்தார்கள், மரம் ஏறியவர்களும் உண்டு. சேத்தி அவர்களுக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. 1975-இல் ஜெய்ப்பூரில் தொடங்கப்பட்ட, மகாவீரரின் பெயர் தாங்கிய ஒரு தொண்டு அமைப்பு, மதம் பாராமல் இலட்சக்கணக்கானோருக்கு இலவசமாக இந்தக் காலைப் பொருத்தியிருக்கிறது. ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடியால் கால் இழந்த நம் சகோதரர்களும் அதை அணிந்து நடந்தார்கள். மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துச் செய்த சிகிச்சை நிலைத்தது. பாராமல் செய்தது மூலைக்குப் போனது.

செயற்கை உறுப்பு என்றதும் சிலருக்கு மார்க்கத் தயக்கம் வருகிறது. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்தினார்கள். அது துர்நாற்றம் வீசியது. அப்போது தங்கத்தால் மூக்குச் செய்து கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஆண்களுக்குத் தங்கம் தடை என்று சொன்ன அதே நபியவர்கள்தான் இதையும் சொன்னார்கள். ஒரு மனிதர் மக்கள் மத்தியில் கூச்சமின்றி அமர வேண்டும் என்பதற்கு அந்த அளவு இடமளிக்கப்பட்டிருக்கிறது.

இனி, நமது வீடுகளில் நோயாளிகள் இருப்பவர்கள் சிகிச்சையாளரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டியவை சிலவற்றை வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, தொழுகை. உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் கேட்டால், அத்தஹிய்யாத்தில் அமர வேண்டும், ருகூஉவுக்குக் குனிய வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள். செய்து காட்டுங்கள். எந்த அசைவு இப்போது ஆகும், எது ஆகாது என்று அவர் சொல்வார். இடுப்பு மூட்டு மாற்றியவர்களை, தொடக்க வாரங்களில் அதிகம் குனியவும் தாழ்வாக அமரவும் வேண்டாம் என்று மருத்துவர்கள் பெரும்பாலும் தடுக்கிறார்கள். அதை மீறி ஸஜ்தாச் செய்து மூட்டு நழுவினால் அது தியாகம் ஆகாது. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் மூல நோயால் வருந்தியபோது, நின்று தொழ இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் விலாப்புறமாகப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். நாற்காலியில் தொழும் முறையில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே சில நுணுக்க வேறுபாடுகள் உண்டு. அவரவர் நிலையைச் சொல்லி என்னிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, கைகள். வலக்கை செயலிழந்தவரை இடக்கையால் சாப்பிடப் பழக்குவார்கள். இதற்கு வெட்கப்பட்டு, யாராவது ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று பிடிவாதம் பிடித்த பெரியவர்களைக் கண்டிருக்கிறேன். வலக்கையால் உண்பது சுன்னத்துதான். ஆனால் இயலாதவர் மீது குற்றமில்லை என்பதே மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. இடக்கை செயலிழந்தவர் வலக்கையால் சுத்தம் செய்து கொள்வதும் அவ்வாறே. இதைச் சொன்னதும் ஒரு பெரியவரின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன்.

மூன்றாவது, சுத்தம். மாவுக்கட்டின் மேல் ஈரக்கையால் மஸ்ஹு செய்யலாம். கழற்றக்கூடிய பட்டையாக இருந்தால் கழற்றிக் கழுவலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். தானே ஒளுச் செய்ய இயலாதவருக்கு மற்றவர் தண்ணீர் ஊற்றிக் கழுவி விடலாம்.

நான்காவது, நோன்பு. ரமளானில் பகல் பொழுதில் கடும் பயிற்சி செய்து மயங்கி விழுந்தவர்களும் உண்டு. நோன்பு என்று சொல்லி மாதம் முழுவதும் பயிற்சியை நிறுத்தியவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். நோன்பு திறந்த பின்னரோ, தராவீஹுக்குப் பின்னரோ பயிற்சி நேரத்தை மாற்றித் தருமாறு கேளுங்கள். மருத்துவர் நோன்பு கூடாது என்றால், நோயாளி பிறகு களாச் செய்யலாம் என்பது குர்ஆன் தந்த சலுகை. குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யாக் கொடுக்கலாம்.

இவ்வளவும் நமது உரிமை. நமது கடமை ஒன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் செவிலியராகவும் இயன்முறை மருத்துவராகவும் பணியாற்றுகிறார்கள். அவர்களிடம் வரும் நோயாளிகளில் இந்து, கிறிஸ்தவ, சமண சமயத்தவர் அதிகம். ஒருவர் கையில் காப்புக் கயிறு இருக்கும். தோளில் பூணூல் இருக்கும். கழுத்தில் செபமாலை இருக்கும். பயிற்சிக்கு இடையூறாக இருந்தாலும் அவரிடம் கேட்காமல் அதில் கை வைக்காதீர்கள். வைகறையில் பூசை செய்யாமல் தண்ணீரும் அருந்தாத மூதாட்டிக்கு அதற்கேற்ற நேரம் கொடுங்கள். சைவ உணவினரிடம் எலும்பு சூப்புக் குடியுங்கள் என்று சொல்லாதீர்கள். அதே வேளையில், நெற்றியைப் பார்த்தே எல்லாம் தெரிந்து விட்டதாக எண்ணாதீர்கள். ஒரே சமயத்தவருக்குள்ளும் பழக்கம் வீட்டுக்கு வீடு மாறும். கேளுங்கள். நமக்கு எந்தக் கண்ணியம் வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ, அதை அவர்களுக்கும் கொடுப்பது நம் மீது அமானிதம்.

இறுதியாக, ஜமாஅத் நிர்வாகத்திடம் பணிவோடு நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன். ஒளுச் செய்யும் இடத்தில் இரண்டு குழாய்களுக்கு முன் உயரமான இருக்கையும் பிடிமானக் கம்பியும் அமைக்க வேண்டும். வாசல் படிக்கட்டின் ஓரத்தில் சாய்தளம் வேண்டும். சக்கரம் தெருவில் உருண்டு வந்ததே, பள்ளிக்குள் கொண்டு வரலாமா என்ற தயக்கத்தில் ஒருவர் ஜுமுஆவுக்கே வருவதில்லை என்று அறிந்து வருந்தினேன். பள்ளியின் உட்புறத்திற்கென்றே ஒரு சக்கர நாற்காலியை வாங்கி வைத்து விட்டால் அந்தத் தயக்கம் தீர்ந்தது. நான்காவதாக, பைத்துல்மால் கல்வி உதவியில் ஆண்டுக்கு ஒரு மாணவிக்கேனும் இயன்முறை மருத்துவம் பயில உதவ வேண்டும். பெண்ணுக்குப் பெண்ணே சிகிச்சை அளிக்க வேண்டும் என்று சொல்லும் நாம், நம் பெண்களை அதற்குப் படிக்க வைக்காமல் இருந்தால் அந்தச் சொல் யார் மீது பாரமாக விழும்? நோயுற்ற நம் தாய்மார்கள் மீதுதான்.

ஸஃபில் நாற்காலி போட்டு ஒருவர் அமர்ந்தால் முகம் சுளிக்கும் வழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக வைத்திருந்தார்கள். தாம் வெளியே சென்றபோது மதீனாவில் தமது பிரதிநிதியாகவும் நியமித்தார்கள் என்பதை நினைவில் கொள்வோம்.

நான் குறிப்பிட்ட அந்தத் தாயாரைச் சென்ற ஷவ்வாலில் பார்த்து வந்தேன். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் ஒரு பெண் சிகிச்சையாளர் அவர் வீட்டுக்கே வந்து சில மாதங்கள் பயிற்சி கொடுத்திருக்கிறார். இந்து சமயத்தைச் சேர்ந்தவராம். தொழுகை நேரத்தைக் கேட்டறிந்து அதற்கு முன்பாகவே முடித்து விடுவாராம். தோள் வலி பெரிதும் குறைந்திருக்கிறது. ஆனால் வலக்கை விரல்கள் விரியவில்லை. இனி விரியாது என்று சொல்லி விட்டார்கள். இடக்கையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக் கொண்டே என் பிள்ளைகளின் நலத்தை விசாரித்தார்.

உங்களில் யாரேனும் இப்படிப்பட்ட கேள்வியோடு என்னிடம் வந்தால், நான் அவசரத்தில் பாதிப் பதில் சொல்லி நகர்ந்தால், என் சட்டையைப் பிடித்து நிறுத்தி மீதியையும் கேளுங்கள். அந்த உரிமையை இந்தச் சபையின் முன்னிலையில் உங்களுக்குத் தருகிறேன்.

வல்ல அல்லாஹ் நமது நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! அவர்களைத் தூக்கி நிறுத்தும் கைகளுக்கு, அவை யாருடைய கைகளாயினும், நற்கூலி வழங்குவானாக! அறியாமல் நாம் செய்த பிழைகளைப் பொறுத்தருள்வானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.